மருந்து போடாத பானை

காலையில் எழுந்ததும் சிலர் சாமி படத்தில் விழிப்பார்கள், சிலர் உள்ளங்கையில் விழிப்பார்கள். என் ஓர்ப்படி பானையில் விழிப்பாள். விழிப்பது என்ன, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே நிற்பாள்.

திண்டிவனத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டின் பின்பக்கம் ஒரு மாட்டுக் கொட்டகை. அதன் விட்டத்தில் மூன்று மண்பானைகளைப் படுக்கவைத்தாற்போல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். பானை வாயை மரத்தட்டால் மூடி, சாணியும் மண்ணும் பூசி, கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை மட்டும் விட்டிருப்பாள். அந்த ஓட்டைதான் தேன்பூச்சிகளுக்கு வாசல். கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் கொல்லைப்பக்கம் போனேன். மூத்த மருமகள் பானையின் வயிற்றில் காதை ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். அடி ஆத்தா, இந்த வீட்டில் ஒன்று சரியில்லை போலிருக்கிறதே என்று எனக்குப் பகீரென்றது.

"இன்னாக்கா பண்றே?"

"மூச்சு இருக்குதான்னு பாக்கறேன். வா, நீயும் காதை வெய்யி."

பயந்துகொண்டே வைத்தேன். உலை கொதிப்பதற்கு முன்னால் பாத்திரத்துக்குள் ஒரு முனகல் எழும்புமே, அந்தச் சத்தம்.

"அவ்ளோதான். நல்லா கீதுங்க. வா, காப்பி போடலாம்" என்றாள்.

அவளுக்குப் பெயர் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாமியாருக்கு அவள் 'மூத்தவ'. அவள் புருஷனுக்கு 'ஏ, இந்தா'. எனக்கு அக்கா. கூப்பிடாத பெயரை இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது? அக்கா என்றே இருக்கட்டும்.

அவள் புருஷன் என் வீட்டுக்காரருக்கு அண்ணன். நான் மாமா என்பேன். மூத்தாரிடம் நிமிர்ந்து பேசுகிற வழக்கம் அந்தக் காலத்தில் கிடையாது. எனக்குத்தான் வாய் காதுவரைக்கும் ஆயிற்றே, பேசிவிடுவேன். மாமாவும் கோபித்ததில்லை. மல்லாட்டை மண்டி வைத்திருந்தார், அதாவது வேர்க்கடலை வியாபாரம். மூட்டை, தராசு, கொடோன் என்றால் புலி. வீட்டுக்குள் வந்தால் அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாத பூனை.

அக்காவுக்குக் கெடார் பக்கம் பிறந்த வீடு. நெடுநெடுவென்று வளர்ந்தவள். எங்கள் வீட்டு நிலைப்படி எல்லாம் அவளுக்குக் குட்டை. குனிந்து குனிந்து நடந்தே கொஞ்சம் கூன் விழுந்திருந்தது. மெழுகை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே பேசுவாள். ஆள் வருவதற்கு முன்னால் அந்த மெழுகு வாசனை வரும்.

எதையும் பலவந்தமாகச் செய்யமாட்டாள். அதுதான் அவள் குணம். கன்றுக்குட்டியைக் கட்டினால்கூட, இழுத்தால் அவிழ்ந்துவிடுகிற முடிச்சுதான் போடுவாள். அது அவிழ்த்துக்கொண்டு போய்த் தாயிடம் பாலைக் குடித்துவிடும். மாமியார் கத்துவார். என் பிள்ளைக்குச் சோறூட்டும்போது அவன் வாயை மூடிக்கொண்டால் கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுவாள். "அவனுக்குத் தெரியாதா அவன் வயிறு?" என்பாள். நானோ மூக்கைப் பிடித்து ஊட்டுகிறவள். எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை வந்ததென்றால் அது இதற்காகத்தான்.

தேன்பூச்சியையும் அவள் போய்ப் பிடித்துவந்ததில்லை. மாசி மாதம் காலிப் பானைக்குள் பழைய மெழுகைத் தேய்த்து வைப்பாள். முருங்கையும் வேம்பும் பூக்கிற பங்குனியில் எங்கிருந்தோ ஒரு கூட்டம் வரும். பிடித்தால் தங்கும். பிடிக்காவிட்டால் போய்விடும். "வந்துதா, சந்தோசம். போச்சா, அதுக்கு எங்க சரிப்பட்டுதோ அங்க போவட்டும்" என்பாள்.

சர்க்கரைக்குக் கண்ட்ரோல் வந்த உலகச் சண்டைக் காலம் அது. ஊரெல்லாம் வெல்லக் காப்பி குடித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் மூன்று பானைத் தேன் தொங்குகிறது, ஆனால் அக்கா எடுப்பதோ ஒரு சின்னச் செம்பு. காலை வெயில் ஏறினதும் தென்னைநார்க் கயிறு ஒன்றைக் கொளுத்தி, எட்டவே பிடித்து, புகையை ஒரு ஊது ஊதுவாள். ஓரத்து அடையில் ஒன்றை மட்டும் அறுப்பாள். குஞ்சு இருக்கிற அடைப்பக்கம் கையே போகாது. மாமியார் வாசலில் நின்று புலம்புவார்.

"அடுத்த தெருவுல தீவட்டி காட்டி ரெண்டு குடம் எறக்கறானுவ. இவ கரண்டியில மொண்டுக்கினு வரா. மீதியெல்லாம் யாருக்காம்?"

"அதுங்களுக்குத்தான் அத்தை. மழைக்காலத்துல அதுங்க இன்னாத்த சாப்புடும்?"

"ஊர்ல அவ அவ புள்ளையக் கட்டிப்புடிப்பா. எங்க வூட்டு மூத்தவ பானையக் கட்டிப்புடிக்கிறா!"

சொல்லிவிட்டு மாமியார் உள்ளே போய்விடுவார். அக்கா முகம் மாறாது. விரலிடுக்கில் மெழுகு மட்டும் கொஞ்சம் வேகமாக உருளும்.

ஒரு பங்குனியில் பெரிய பானையிலிருந்து ஒரு கூட்டம் பிரிந்து கிளம்பியது. கொல்லை முழுக்கப் பூச்சி, வானமே தெரியவில்லை. தேன்கூட்டம் பறந்தால் தட்டைத் தட்டி, மண்ணை வாரி இறைத்து இறக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். தெரு சனமெல்லாம் தாம்பாளமும் கரண்டியுமாக ஓடி வந்துவிட்டார்கள். மாமாகூட மண்டியிலிருந்து ஓடிவந்து இரண்டு கையிலும் மண்ணை அள்ளிவிட்டார். அக்கா அவர் எதிரில் போய் நின்றாள்.

"கீழ போடுங்க."

"போயிடும்டி!"

"போவட்டும். போறதை மண்ணடிச்சி நிறுத்தினா, நிக்கும். ஆனா இருக்காது."

மாமா கையிலிருந்த மண்ணைக் கீழே விட்டார். கூட்டம் புளியமரத்தைத் தாண்டி, ரயில் பாதையைத் தாண்டிப் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா சிரித்தாள். "ஏண்டி, தாய்க்கூட்டம் பானையிலதானே கீது? பொண்ணைக் கட்டிக்கொடுத்தா போவாதா?" என்றாள். மாமா மட்டும் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். அன்று அவள் சொன்னதை அவர் எவ்வளவு கெட்டியாக மனதில் முடிந்துவைத்துக்கொண்டார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

மருந்து விஷயத்தை இப்போது சொல்லியாக வேண்டும்.

எனக்கு வரிசையாகப் பிள்ளைகள் பிறந்தன. அக்காவுக்கு இல்லை. என் மடியில் ஒவ்வொரு பிள்ளையாக ஏற ஏற, அவள் கையில் ஒவ்வொரு மருந்தாக ஏறியது. நாட்டு வைத்தியர் கொடுத்த லேகியம், புதுச்சேரி டாக்டரம்மா கொடுத்த கசப்புத் தண்ணீர், மயிலம் மலைக்கு வெறும் வயிற்றோடு நடை, யாரோ சொன்ன வேர், யாரோ அரைத்த பொடி. எல்லாவற்றையும் மாமியார் தன் கையால் கொண்டுவந்து கொடுத்து, விழுங்குகிறவரை நின்று பார்ப்பார். அவள் குடித்துவிட்டுக் கொல்லைக்கு ஓடி வாந்தி எடுப்பாள். தலைமயிர் கொட்டியது. நகம் கறுத்தது. மாமாவுக்கு ஒரு சொட்டு மருந்து உண்டா என்றால் கிடையாது. ஆம்பளைக்கு என்ன குறை? அவருக்கும் குறை இருக்கலாம் என்று சொன்னால் நாக்கை அறுத்துவிடுவார்கள் அன்றைக்கு. நான் சொல்லத்தான் செய்தேன். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த வருஷம் மழை அதிகம். இரண்டு பானையில் புழு வைத்துவிட்டது. அடையைத் துளைத்துக்கொண்டு போய் நூலாம்படையாகக் கட்டுகிற வெள்ளைப் புழு. பூச்சிகள் சோர்ந்துபோய் வாசலிலேயே உட்கார்ந்திருந்தன. அக்கா பானையைத் திறந்து, புழு வைத்த அடைகளை அறுத்து எறிந்தாள். அடித்தட்டைச் சுரண்டி, வெயில் படுகிற பக்கமாகப் பானையைத் திருப்பிக் கட்டினாள். அவ்வளவோடு சரி.

"மண்டியில மருந்து கீதே, கொஞ்சம் போடட்டுமா?" என்றார் மாமா. அவள் வாடுவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

"வேணாங்க."

நானே கேட்டேன். "ஏன்க்கா புடிவாதம் புடிக்கறே? சாவறதைப் பாத்துக்கினு இருக்கிறதா பாசம்?"

"பலமா கீறது பொழைக்கும். பொழைச்சது போடற குஞ்சும் பலமா இருக்கும். மருந்து போட்டுப் பொழைக்க வெச்சா, அப்பால காலத்துக்கும் மருந்து போடணும்." கறுத்த நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உள்ள போனா அது இன்னா பண்ணும்னு எனக்குத் தெரியும்டி. வாயில்லாததுங்க வாயில நான் ஊத்தமாட்டேன்."



இந்தச் சமயத்தில்தான் மாமியார் விக்கிரவாண்டியில் ஒரு பெண் பார்த்துவிட்டு வந்தார். மாமாவுக்கு இரண்டாம் தாரம். கூடத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டே சொன்னார். மாமா தரையைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அக்காதான் பேசினாள்.

"செய்ங்க அத்தை" என்றாள். அண்ணன் மகளுக்குக் காது குத்து என்று மறுநாள் கெடாருக்குப் புறப்பட்டுப் போனாள். போகும்போது மூன்று பானையிலும் காது வைத்துவிட்டுப் போனாள்.

மாமா தவித்துப்போனார். சோறு இறங்கவில்லை. அம்மாவை எதிர்த்துப் பேசத் தெரியாது. அவளிடம் மனசைத் திறக்கவும் தெரியாது. அவள் திரும்பி வரும்போது அவளுக்குப் பிடித்த ஒன்றையாவது சரிசெய்து வைக்க வேண்டும் என்று அந்த மனுஷன் நினைத்துவிட்டார். நினைத்ததைத் தனக்குத் தெரிந்த வழியில் செய்தார். கொடோனில் மல்லாட்டை மூட்டைக்கு வண்டு வைத்தால், சாயங்காலம் உடைந்த சட்டி ஓட்டில் நெருப்புக் கங்கு போட்டு, மேலே கந்தகத்தைத் தூவி, கதவை இழுத்துச் சாத்திவிடுவார்கள். காலையில் திறந்தால் வண்டு செத்திருக்கும், மல்லாட்டைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதைத்தான் பானைக்கும் செய்தார்.

நான் அடுப்படியில் கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தேன். கந்தக நெடி மூக்கில் ஏறியதும் துடுப்பை அப்படியே போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினேன். ஓட்டில் கங்கு. மூன்று பானையையும் இறக்கி, ஈரச் சாக்குப் போட்டு மூடியிருக்கிறார்.

"இன்னா மாமா பண்றீங்க!"

"புழுவுக்குத்தான் போட்டேன். பூச்சியெல்லாம் அடைஞ்சப்பறந்தான் போட்டேன், ஒண்ணும் வெளிய போயி தவறிடக் கூடாதுன்னு. மல்லாட்டைக்கிப் போடறோமே, அதுக்கு இன்னா ஆவுது?"

"ஐயோ மாமா! மல்லாட்டைக்கி மூச்சு இல்ல, இதுக்கு மூச்சு கீதே!"

சாக்கை இழுத்து எறிந்தேன். பானைத் தட்டைப் பிடுங்கினேன். உள்ளேயிருந்து சரசரவென்று கொட்டியது. கேப்பை கொட்டுகிற மாதிரி. ஒன்றிரண்டு என் கையில் ஏறி, கொட்டக்கூடச் சக்தியில்லாமல் விழுந்தன. மாமா அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

அக்கா இரண்டு நாள் கழித்து வந்தாள். பையைக்கூட இறக்காமல் நேரே கொட்டகைக்குப் போனாள். நான்தான் பின்னாலேயே போய் எல்லாவற்றையும் சொன்னேன், நான் கத்தினது உட்பட. தெருப் பெண்கள் வேலியோரம் வந்து நின்றுவிட்டார்கள், இவள் மாரடித்து அழுவாள் என்று. அவள் அழவில்லை. முறத்தை எடுத்துவந்து, செத்ததையெல்லாம் அள்ளி, முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் போட்டு மூடினாள். மாமா தூண் மறைவிலிருந்து வந்தார்.

"நல்லதுக்குத்தான் பண்ணேன்..."

"தெரியுங்க. நல்லதுக்குத்தான் பண்ணீங்க. இந்த வூட்ல எல்லாருமே நல்லதுக்குத்தான் பண்றீங்க."

குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

அன்று சாயங்காலம் மாமியார் வழக்கம்போலக் கஷாய டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினார். கல்யாணப் பேச்சு ஒருபக்கம், கஷாயம் ஒருபக்கம், எது பலிக்கிறதோ பலிக்கட்டும் என்ற கணக்கு. அக்கா வாங்கினாள். எல்லோரும் பார்க்க முற்றத்துச் சாக்கடையில் ஊற்றினாள். டம்ளரைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கும் மூச்சு கீது அத்தை" என்றாள்.

மறுநாள் காலையில் ஒரு பையோடு கிளம்பினாள். அவள் தம்பிக்கு விழுப்புரம் ஜங்ஷனில் ரயில்வே வேலை. அங்கே போகிறேன் என்றாள். மாமியார் கத்தினார்: "பாத்துக்கினு நிக்கறியேடா! கையப் புடிச்சி நிறுத்துடா!" மாமா வாசலை விட்டு விலகி நின்று வழிவிட்டார். கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, கை மட்டும் அசையவில்லை. போறதை மண்ணடிச்சி நிறுத்தினா இருக்காது என்று அவள் சொன்னதை மனுஷன் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். பாவி மனுஷன், அன்றைக்கு ஒருநாளாவது மண்ணை வாரி இறைத்திருக்கக் கூடாதா!

அவள் போன பிறகு அந்த வீடு எனக்கு வீடாக இல்லை. அடுப்பு இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், புருஷன் இருந்தார். மத்தியானத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டே பேச ஆள் இல்லை. 'க்கா' என்று பாதி கூப்பிட்டு நிறுத்துவேன். நிலைப்படியில் யாராவது இடித்துக்கொண்டால் திரும்பிப் பார்ப்பேன்.

இரண்டாம் கல்யாணம் நடக்கவில்லை. அப்போதுதான் மாமாவுக்கு வாய் திறந்தது. "ஒரு தடவ கொன்னது போதும்மா" என்றார் அம்மாவிடம். அதோடு விக்கிரவாண்டிப் பேச்சு நின்றது. பிறகு பானைகளைக் கழுவ ஆரம்பித்தார். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார். தண்ணீர் ஊற்றி ஊறவைப்பார். வெயிலில் காயவைப்பார். புதுப் பானை வாங்கினால் ஆயிற்று என்றேன். "அவ மெழுகு தேச்ச பானை" என்றார். மண்டிக்காரர் மூக்கு கந்தகத்துக்குப் பழகிப் போனதல்லவா? அவருக்கே மணம் தெரியாது. அதனால் பானையைத் தூக்கிக்கொண்டு அடுப்படி வாசலுக்கு வருவார்.

"கந்தகம் அடிக்குதா பாரு."

"அடிக்குது மாமா."

திரும்ப எடுத்துப் போவார். அடுத்த வாரம் மறுபடி வருவார். பொய் சொல்லிவிடலாம் என்றுகூட எனக்குத் தோன்றும். ஆனால் நான் சொல்லிப் பூச்சி நம்ப வேண்டுமே.

ஒரு மழைக்காலம் முழுக்க ஊறி, ஒரு கோடை முழுக்கக் காய்ந்து, இன்னொரு மழையும் போனது. பெரிய பானையில் கந்தகம் அடிக்கவில்லை, மண் வாசனைதான் அடித்தது. சொன்னேன். விட்டத்தில் கட்டினார். அந்தப் பங்குனியில் ஒரு கூட்டம் வந்து தங்கியது. மாமா மண்டிக்கே போகாமல் நாளெல்லாம் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். அடை கட்டித் தேன் ஏறியதும், அக்கா அறுக்கிற மாதிரியே ஓரத்தில் ஒரே ஒரு துண்டு அறுத்து, தூக்குச் சட்டியில் போட்டு என்னிடம் கொடுத்தார். அவருக்குப் போகத் தைரியம் இல்லை.

விழுப்புரம் ரயில் எனக்கு அன்றைக்குப் போல ஒருநாளும் மெதுவாகப் போனதில்லை. ஜங்ஷனைத் தாண்டி, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், வரிசை வீடுகளில் கடைசி வீடு. வாசலில் புங்கமரம், அதில் ஒரு பானை. பார்த்ததுமே எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அக்கா மில்லில் மல்லாட்டை உடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மண்டிக்காரர் பெண்டாட்டி கூலிக்கு மல்லாட்டை உடைக்கிறாள்! விரலெல்லாம் தேய்ந்து போயிருந்தது. ஆனால் நகத்தில் கறுப்பு இல்லை. கொட்டின தலைமயிர் திரும்ப முளைத்திருந்தது.

தேனடையை வாயில் போட்டு மென்றாள். மெழுகைத் துப்பி விரலிடுக்கில் உருட்டினாள்.

"கந்தகம் அடிக்கல" என்றாள். பிறகு, "எப்டி கீறாரு?"

"பானையை மோந்து பாரு மோந்து பாருன்னு என்னைப் பேஜாரு பண்ணிக்கினு கீறாரு."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்போதுதான் கேட்டேன்.

"அன்னிக்கி மாமா போவாதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்பியாக்கா?"

"நின்னிருப்பனோ மாட்டனோ. கேட்டுப் பாத்திருக்கலாம் இல்ல?"

"நீதானேக்கா சொன்னே, போறதை நிறுத்தக் கூடாதுன்னு. அவரு அதையே புடிச்சிக்கினாரு."

"அது பூச்சிக்கிச் சொன்னதுடி. பூச்சிக்கு நம்ம பேச்சு புரியாது. நான் மனுஷிதானே?"

சாயங்கால ரயிலுக்குத் திரும்பி வந்தேன். திண்டிவனம் ஸ்டேஷனிலேயே மாமா நின்றிருந்தார். பிளாட்பாரத்தில் வைத்தே சொல்லிவிட்டேன். "போயி கேளுங்க. அவ்ளோதான் வேணுமாம்." மறுநாள் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு ரயில் ஏறினார். நான் வாசலுக்குப் பெரிய கோலம் போட்டு, அக்காவுக்குப் பிடித்த முருங்கைக்கீரைப் பொரியலும் செய்து, உலையில் அரிசியும் கூடுதலாகவே போட்டேன்.

தனியாகத்தான் திரும்பி வந்தார்.

"கேட்டீங்களா மாமா?"

"கேட்டேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "'பானைக்குக் கந்தகம் போயிடுச்சி, உங்களுக்கு இன்னும் போவல'ன்னு சொன்னா."

ஆனால் ஆள் உடைந்துபோகவில்லை. அமாவாசைக்கு மண்டி லீவு. ஒவ்வொரு அமாவாசைக்கும் விழுப்புரம் போக ஆரம்பித்தார். திரும்பி வந்ததும் நான் நக்கலாகக் கேட்பேன், "இன்னா மாமா, கந்தகம் போச்சா?" "கொஞ்சமா கீதாம்" என்பார், பையன் மாதிரி வெட்கப்பட்டு. பையில் அவள் சுட்டுக் கொடுத்த முறுக்கு இருக்கும். எங்கள் வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே இருந்தபோது அவர்கள் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

ஓர் அமாவாசைக்குப் போனவர் மூன்றாம் நாள்தான் வந்தார். மண்டிச் சாவியை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். விழுப்புரம் மில்லிலேயே எடை போடுகிற வேலை கிடைத்திருக்கிறதாம். மாமியார் தரையில் விழுந்து புரண்டார். மாமா குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"போன கூட்டம் பழைய பானைக்கித் திரும்பாதாம்மா. நான்தான் போவணும்."

"பானையை எடுத்துக்கினு போங்க மாமா, அக்காவுது" என்றேன்.

"வேணாம்னுட்டா. 'அது அவளுக்கு. தனியா கெடந்து பேச ஆளில்லாம தவிப்பா, தொணைக்கி இருக்கட்டும்'னா."

இத்தனை நாளும் அவர் தவிப்பைத்தான் வீடு முழுக்கப் பார்த்தது. என் தவிப்பை அவ்வளவு தூரத்திலிருந்து அவள் ஒருத்திதான் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அழுதேன் பாருங்கள், பிள்ளைகளெல்லாம் பயந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கல்யாணம் காட்சி என்று எப்போதாவது பார்ப்போம். கும்பலில் கையைப் பிடித்துக்கொண்டு நிற்போம், பேசத் தொடங்குவதற்குள் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். மாமா முந்திக்கொண்டார், பின்னாலேயே அவளும் போய்ச் சேர்ந்தாள். சேதி வந்து நான் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. புங்கமரத்துப் பானையில் மட்டும் காது வைத்துவிட்டு வந்தேன்.

எங்கள் பானை இன்னும் இருக்கிறது. கூட்டம் வரும், போகும், வேறொன்று வரும். சண்டைக்கு அப்புறம் கடையில் என்னென்னவோ வெள்ளைப் பொடியெல்லாம் வந்துவிட்டது. புழு வைக்கிற வருஷம் என் மகன் ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருவான், நல்லதுக்குத்தான். கொட்டகைப் பக்கமே விடமாட்டேன். சில வருஷம் பானை காலியாகிவிடும். மெழுகைத் தேய்த்துவைத்துவிட்டுப் பங்குனிவரை காத்திருப்பேன். இதுவரை வராமல் போனதில்லை.

எனக்கு அவள்தான் வேண்டும். இந்த வயதில் இதைச் சொல்ல என்ன வெட்கம்? காலையில் எழுந்ததும் கொட்டகைக்குப் போய்ப் பானையைக் கட்டிக்கொண்டு காதை வைக்கிறேன். உள்ளே அந்த முனகல் இருக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லையென்றால், மெதுவாகச் சொல்வேன்.

"வந்துடேன்க்கா."

போன கூட்டம் பழைய பானைக்குத் திரும்பாது, தெரியும். இருந்தாலும் கேட்டுப் பார்க்கலாம் இல்லையா?